ஃபிக்ர் என்னும் சொல்

சேலம் கோட்டைப் பகுதியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தக்னி பேசும் வீடுகளில் ஒரு நாளில் பல முறை காதில் விழும் சொற்றொடர் ஒன்று உண்டு: ‘ஃபிகர் நக்கோ.’ தேர்வுக்குப் புறப்படும் பிள்ளையிடமும், மருத்துவமனைக்குச் செல்பவரிடமும், கடன் தவணை தவறிய மருமகனிடமும் பெரியவர்கள் அதைத்தான் சொல்வார்கள். கவலைப்படாதே என்பது பொருள். ‘நக்கோ’ மராத்தியிலிருந்து தக்னிக்கு வந்தது. ‘ஃபிகர்’ அரபியில் பிறந்து, பாரசீகத்தையும் உருதுவையும் கடந்து வந்தது.

அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தெற்கே, நாமக்கல் பக்கத்துத் தமிழ் பேசும் ராவுத்தர் வீடுகளில் அதே சொல் வேறு உடையில் உலவுகிறது. ஜமாஅத்தில் நாற்பது நாள் சென்று திரும்பியவர்கள் ‘தீனுடைய ஃபிக்ர்’ வேண்டும் என்பார்கள். அங்கு அது அக்கறை, பொறுப்புணர்வு என்னும் பொருளில் வருகிறது. மக்தபில் ஓதும் பிள்ளைக்கோ அதே வேரிலிருந்து வந்த ‘தஃபக்குர்’ என்னும் சொல்லுக்குச் சிந்தித்தல் என்று உஸ்தாது பொருள் சொல்லித் தருகிறார். ஒரே மூன்றெழுத்து வேர். கவலை, அக்கறை, சிந்தனை என மூன்று பொருள்கள்.

எங்களில் ஒருவர் சேலத்தில் தக்னி பேசும் வீட்டில் பிறந்தவர். மற்றவர் நாமக்கல் பக்கத்து ராவுத்தர் குடும்பத்தவர். இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்த இரண்டு மொழி வழக்குகளும் எங்கள் வீட்டில் ஒரே சமையலறையில் புழங்குகின்றன. ஆகவே இந்தச் சொல்லின் பொருளைத் தேடுவது எங்களுக்கு ஏட்டுப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அது எங்கள் மகளின் திருமணப் பேச்சில் வந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறோம். முதலில் சொல்லின் பயணம்.

மலேசியாவிலிருந்து விடுப்பில் வரும் உறவினர்களின் பிள்ளைகள் பேசும் மலாயில் ‘ஃபிகிர்’ என்றால் சிந்திப்பது. துருக்கியில் ‘ஃபிகிர்’ என்றால் கருத்து. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் ‘ஃபிகிரி’ என்றாலும் சிந்திப்பதுதான். இத்தனை தொலைவு சென்றும் அந்நாடுகளில் சொல் தன் பொருளை இழக்கவில்லை. உருதுவிலும் ஏட்டு வழக்கில் அது சிந்தனையைக் குறிக்கிறது; ஆனால் வீட்டுப் பேச்சில் கவலையின் பக்கம் சாய்ந்துவிட்டது. கவலையற்றவன் ‘பேஃபிகர்’, கவலை கொண்டவன் ‘ஃபிகர்மந்த்’.

இது அரபிச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததன்று. வடமொழியின் ‘சிந்தா’ தமிழில் சிந்தை, சிந்தனை என உயர்ந்த இடத்தில் அமர்ந்தது. அதே சொல் இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கவலையாக மாறிவிட்டது. சேலத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் அண்டை வீட்டார் நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் ‘சிந்த’, ‘சிந்தெ’ என்று பெருமூச்சுவிடும்போது நாம் சிந்தனை என்று எண்ணிக்கொள்கிறோம். சிந்திப்பவன் கவலைப்படுவான் என்று மனிதர்கள் எங்கோ ஓரிடத்தில் முடிவு கட்டிவிட்டார்கள் போலும்.

திருமறை அப்படி முடிவு கட்டவில்லை. இந்த வேர் குர்ஆனில் பதினெட்டு இடங்களில் வருகிறது. பதினெட்டிலும் அது வினைச்சொல்லாகவே வருகிறது. ‘ஃபிக்ர்’ என்னும் பெயர்ச்சொல் ஓரிடத்திலும் இல்லை. அறிவைக் குறிக்கும் ‘அக்ல்’ என்னும் சொல்லுக்கும் இதே நிலைதான்: அதன் வேர் நாற்பத்தொன்பது இடங்களில் வருகிறது, எல்லாம் வினை. சிந்தனை என்னும் ஒரு பொருளை நாம் பெட்டியில் வைத்திருப்பதாக அல்லாஹ் பேசவில்லை. சிந்திக்கிறார்களா, இல்லையா என்றே கேட்கிறான்.

அந்தப் பதினெட்டில் பதினேழு ‘தஃபக்குர்’ என்னும் வடிவம். அரபி இலக்கணத்தில் அவ்வடிவம் ஒரு செயலை முயன்று, படிப்படியாக, தன்மீதே ஏற்றுக்கொண்டு செய்வதைக் காட்டும். எஞ்சிய ஒன்று மட்டும் ‘ஃபக்கர’ என்னும் வேறு வடிவம். அது அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்தின் பதினெட்டாம் வசனத்தில் வருகிறது. குர்ஆனைக் கேட்டு, அதன் வலிமையை உணர்ந்த பின்னும், மக்களிடம் அதை எப்படிப் பழிப்பது என்று கணக்குப் போட்டவனைப் பற்றிய இடம் அது. வலீத் இப்னு முகீராவைக் குறிக்கிறது என்பர் விரிவுரையாளர்கள். அவனும் யோசித்தான், ஆனால் முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு வழி தேடினான். அந்த யோசனை சபிக்கப்பட்டது. நம் குடும்பக் கூட்டங்களில் நடக்கும் யோசனைகளில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதை அவரவர் வீட்டுக்கே விட்டுவிடுகிறோம்.

இனி எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்த செய்திக்கு வருவோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ராகிப் அல்இஸ்ஃபஹானீ, குர்ஆனின் சொற்களுக்கென்றே ‘முஃப்ரதாத்’ என்னும் அகராதியை எழுதியவர். ஃபிக்ர் என்னும் சொல்லின் கீழ் அவர் ஒரு கருத்தைப் பதிவு செய்கிறார். இலக்கிய அறிஞர் ஒருவரின் கருத்து என்றே அதைத் தருகிறார். ‘ஃபிக்ர்’ என்பது ‘ஃபர்க்’ என்னும் சொல்லின் எழுத்து இடம் மாறிய வடிவமாம். ‘ஃபர்க்’ என்றால் கையால் தேய்த்தல், கசக்குதல். பொருள்களைத் தேய்த்தால் ஃபர்க். கருத்துகளைத் தேய்த்து அவற்றின் உண்மையை அடைய முயன்றால் ஃபிக்ர்.

அந்த ஃபர்க் என்னும் வேரிலிருந்து வந்த ஓர் உணவும் உண்டு. எகிப்திலும் சிரியாவிலும் ஃபலஸ்தீனத்திலும் ‘ஃபரீக்’ என்று உண்ணப்படுகிறது. கோதுமை முழுதும் முற்றுவதற்கு முன், பச்சையாக இருக்கும்போதே கதிரை அறுத்து, நெருப்பில் வாட்டி, தேய்த்து உமியை நீக்கி எடுக்கும் தானியம் அது.

இதை வாசித்தபோது எங்கள் வீட்டில் அரபு நாடு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. நாமக்கல் சமவெளியில் மரவள்ளியும் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளமும் இந்த அளவு பரவுவதற்கு முன், மானாவாரி நிலமெங்கும் கம்பும் சோளமும்தான். கம்பங்கதிர் பால் பிடித்து, முற்றியும் முற்றாமலும் இருக்கும் அந்தச் சில நாள்களில், காட்டில் வேலை செய்பவர்கள் நான்கைந்து கதிர்களைக் கிள்ளிவந்து, காய்ந்த செத்தையை மூட்டிய தணலில் வாட்டுவார்கள். சூடு ஆறுவதற்குள் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக் கசக்குவார்கள். சுணை உதிரும். மணிகள் கழலும். பிறகு உள்ளங்கையைக் குவித்து, மெல்ல ஊதினால் உமி பறந்துபோகும். பச்சை நிறம் மாறாத மணிகள் மட்டும் கையில் நிற்கும். ஊத மறந்து வாயில் போட்ட பிள்ளைக்குச் சுணை தொண்டையில் குத்தி, கண்ணில் நீர் வரும். எங்களில் ஒருவருக்கு அந்தக் குத்தல் இன்றும் நினைவிருக்கிறது.

கவலையும் கசக்குவதுதான். ஒரே கதிரை இரவெல்லாம் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறோம், ஊதுவதில்லை. உமியும் மணியும் கலந்தே கிடக்கின்றன. கை மட்டும் எரிகிறது. தக்னி வழக்கு அந்தத் தேய்ப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மணியை மறந்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றியது.

தமிழின் ‘கவலை’ இதற்கு வேறொரு வழியில் வந்து சேர்கிறது. பழந்தமிழில் கவலை என்றால் வழி பல கிளையாகப் பிரியும் இடம். மரக்கிளை பிரியும் ‘கவடு’ இதன் உறவுச்சொல். எந்த வழியில் போவது என்று தெரியாமல் நிற்பவனின் மனநிலைக்கு அந்த இடத்தின் பெயரே வாய்த்தது. கொங்குப் பக்கத்தில் இன்னொரு கவலையும் இருந்தது. மின்மோட்டார் வருவதற்கு முன் கிணற்றிலிருந்து நீர் இறைத்த மாட்டு இறைப்பு. ஒலி ஒன்றே தவிர வேர் ஒன்றென்று நாங்கள் வாதிடவில்லை. ஆயினும் இரண்டு காளைகள் ஒரே சரிவில் விடியல் முதல் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்த எந்த விவசாயிக்கும் அந்தப் பெயர்ப் பொருத்தம் உறுத்தியிருக்காது. ஒரு வேறுபாடு உண்டு: அந்தக் கவலையால் வயலுக்குத் தண்ணீர் வந்தது.

‘எண்ணு’ என்னும் சொல் எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், சிந்திப்பதும்தான். குறளின் 467ஆம் பாடல், தொடங்கிய பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பதை இழுக்கு என்கிறது. அங்கு வருவது இந்தச் சொல்லே. அரபியிலும் அப்படியே ஓர் இணை இருக்கிறது. ‘ஹஸப’ என்றால் கணக்கிட்டான், ‘ஹஸிப’ என்றால் கருதினான், எண்ணிக்கொண்டான். நாம் மறுமையில் அஞ்சும் ஹிஸாப், கேள்வி கணக்கு, இந்த வேரில் பிறந்தது. குர்ஆனில் ‘ஹஸிப’ பெரும்பாலும் தவறாக எண்ணிக்கொள்பவர்களைக் குறித்தே வருகிறது. நம்பிவிட்டோம் என்று சொன்னதாலேயே சோதிக்கப்படாமல் விடப்படுவோம் என்று மனிதர்கள் எண்ணிக்கொண்டார்களா என்னும் கேள்வி இருபத்தொன்பதாம் அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்தில் இருக்கிறது. அங்கு வரும் வினை இதுதான். இங்கே எண்ணியது தவறினால் அங்கே எண்ணப்படும் என்று சொல் தானே எச்சரிப்பது போலிருக்கிறது.

கொங்கு மக்கள் ‘ரோசனை’ என்று உச்சரிக்கும் யோசனை, வடமொழியில் பூட்டுதல், இணைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. இமாம் கஸ்ஸாலீ தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் நாற்பது பகுதிகளில் முப்பத்தொன்பதாவதைத் தஃபக்குருக்கென்றே ஒதுக்கினார். சிந்தனை என்றால் என்ன என்று அவர் தரும் விளக்கம், அந்த ரோசனைக்கு உரை எழுதியது போல் அமைகிறது: முன்பே அறிந்த இரண்டு செய்திகளை உள்ளத்தில் ஒருசேர நிறுத்தி, அவற்றிலிருந்து மூன்றாவது அறிவைப் பெறுவது. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப நினைப்பது அவர் கணக்கில் நினைவூட்டல் மட்டுமே. ஒற்றை மாட்டைப் பூட்டி ஏர் ஓட்டுவதில்லை அல்லவா?

இப்போது மகளின் செய்தி.

சென்ற ஆண்டு அவள் பட்டப்படிப்பை முடித்து, பி.எட். படிக்க விண்ணப்பித்திருந்த நேரத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளை துபாயில் கணக்கராக இருக்கிறார்; தொழுகையாளி. அவருக்கு நாற்பது நாள் விடுப்பு. அதற்குள் நிகாஹ் நடந்துவிட வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் இரு பக்கத்து உறவினரும் எங்கள் வீட்டில் கூடினர். பதினைந்து பேருக்குக் குறையாது. மண்டபம் எது, எத்தனை ஸஹன், நகை எவ்வளவு, பத்திரிகை எங்கே அச்சடிப்பது என்று பேச்சு வேகமாக ஓடியது. எங்கள் முகத்தில் எதையோ கண்ட நானி, வழக்கம்போல், “ஃபிகர் நக்கோ, அல்லாஹ் ஹை” என்றார். எல்லாரும் அதை முடிவாகவே எடுத்துக்கொண்டனர்.

தேநீர் கொண்டுவந்த மகள் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“நானிமா, நீங்க ஃபிகர் நக்கோன்னு சொல்றீங்க. பத்திரிகையில போடப்போற ஆயத்தே ‘ஃபிக்ர் பண்றவங்களுக்கு இதுல அத்தாட்சி இருக்கு’ன்னுதானே முடியுது? நான் ஃபிக்ர் பண்ண வேணாமா?”

அவள் சொன்னது அர்ரூம் அத்தியாயத்தின் இருபத்தொன்றாம் வசனம். தமிழ் முஸ்லிம் திருமணப் பத்திரிகைகளில் அதைக் காணாதவர் இருக்க முடியாது. துணைகளைப் படைத்ததையும், அவர்களிடையே அன்பையும் கருணையையும் வைத்ததையும் பேசும் அந்த வசனத்தை நாம் தங்க எழுத்தில் அச்சிடுகிறோம். அதன் கடைசிச் சொல் ‘யதஃபக்கரூன்’ என்பதைக் கவனிப்பதில்லை. வானத்தையும் பூமியையும் கண்டு சிந்திக்கச் சொல்லும் ஆலு இம்ரான் வசனங்களே தஃபக்குர் என்றதும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அல்பகராவில் மதுவையும் சூதாட்டத்தையும் எதைச் செலவிடுவது என்பதையும் பற்றிய கேள்விகளுக்குப் பின்னும் இதே சொல் வருகிறது. வீட்டுக் கணக்கும் திருமணமும் சிந்தனைக்கு வெளியே நிறுத்தப்படவில்லை.

அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. பெரியத்தா இருமினார். “இப்பவே புள்ள தஃப்ஸீர் சொல்லுது” என்று யாரோ சிரித்தார்கள். நானி சிரிக்கவில்லை.

நானியின் ‘ஃபிகர் நக்கோ’வை எளிதாகத் தள்ளிவிட எங்களால் முடியாது. முப்பத்தோரு வயதில் அவர் கணவரை இழந்தார். நான்கு பிள்ளைகள். சேலத்து வெள்ளிப் பட்டறைகளிலிருந்து வரும் கொலுசுகளுக்கு வீட்டிலிருந்தபடியே சலங்கை கோத்துக் கொடுத்து அவர்களை வளர்த்தார். கூலி வராத வாரங்களில் இரவு அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் அவர் சொன்னதும் அந்த இரண்டு சொற்களே. அப்போது அதைத் தவிர அவரிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இருந்ததில்லை. வயிற்றில் இறுகக் கட்டிய துணி போல அந்தச் சொல் அவரைத் தாங்கியது. அவர் மறுத்தது கவலையை. பேத்தி கேட்டது சிந்தனையை. சொல் ஒன்றாக இருந்ததால் இருவரும் எதிரெதிரே நிற்பதாக எங்களுக்குத் தோன்றிவிட்டது.

அன்று இரவு முடிவு எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வாரம் கேட்டோம். அந்த வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதற்கு ஸபஃ அத்தியாயத்தின் நாற்பத்தாறாம் வசனம் வழி காட்டியது. இருவர் இருவராகவும் தனித்தனியாகவும் அல்லாஹ்வுக்காக எழுந்து, அதன்பின் தஃபக்குர் செய்யும்படி தம் மக்களுக்கு அறிவுரை கூறுமாறு நபி (ஸல்) அவர்கள் பணிக்கப்படும் இடம் அது. அங்கு பேசப்படுவது நபியவர்களின் தூதுத்துவம். எங்கள் வீட்டுச் சம்பந்தம் அதற்கு முன் எம்மாத்திரம்? ஆயினும் இருவராக, ஒருவராக என்னும் அந்த முறை எங்களைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் உள்ளங்களைக் கலக்கிவிடும், ஆழ்ந்து பார்ப்பதைத் தடுத்துவிடும் என்று விரிவுரையாளர் ஸமக்‌ஷரீ இவ்விடத்தில் காரணம் சொல்கிறார். பதினைந்து பேர் கூடிய எங்கள் கூடத்தை அவர் எட்டிப் பார்த்துவிட்டு எழுதியது போலிருந்தது. மார்க்கம் வலியுறுத்தும் மஷூராவை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. எல்லாரும் கூடிப் பேசுவதற்கு முன் அவரவர் கதிரை அவரவர் கசக்கியிருக்க வேண்டும் என்கிறோம்.

இரண்டிரண்டு பேராக அமர்ந்தோம். மாடியில் அவளும் அத்தாவும். சமையலறையில் அம்மாவும் நானியும். ஒரு மாலை நானியும் பேத்தியும் மட்டும். அன்று என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் தனியாக இஸ்திகாரா தொழுதாள். குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பது போலவே நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு இஸ்திகாராவைக் கற்பித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. கனவில் வெள்ளை நிறம் தெரிந்ததா, பச்சை தெரிந்ததா என்று மறுநாள் உறவினர் ஒருவர் தொலைபேசியில் விசாரித்தார். அவள், நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரத்தில் உமி எவ்வளவு, மணி எது என்பது மெல்லத் தெரிந்தது. மண்டபமும் ஸஹனும் நகையும் ஊதினால் பறப்பவை. எஞ்சியவை மூன்று கேள்விகள். நாற்பது நாள் விடுப்பு முடிந்து அவர் திரும்பிச் சென்றால் இவள் எங்கே இருப்பாள்? குடும்ப விசா எப்போது கிடைக்கும்? பி.எட். இரண்டு ஆண்டுகள் என்ன ஆகும்? பதினைந்து பேர் மூன்று மணி நேரம் பேசியும் இவற்றில் ஒன்றையும் எவரும் கேட்டிருக்கவில்லை. நான்காவது ஒன்றையும் அவள் சேர்த்தாள்: அவரிடம் யாராவது இதையெல்லாம் கேட்டார்களா?

இப்படித் துருவுவது தவக்குலுக்குக் குறைவு என்று சிலர் நயமாகச் சொன்னார்கள். அதற்கும் சொற்களே விடை தந்தன. ‘அக்ல்’ என்னும் சொல்லின் வேர், ஒட்டகத்தின் மடக்கிய முன்காலைக் கட்டும் ‘இகால்’ என்னும் கயிற்றோடு சேர்ந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. அங்கு கட்டுவதற்கு வரும் வினை இதே வேரிலிருந்து வந்தது. கட்டு என்ற கட்டளையின் ஒலியிலேயே அறிவும் இருக்கிறது. ‘தவக்குல்’ என்பதோ நீதிமன்ற வாசலில் நாம் நாள்தோறும் சொல்லும் வக்கீல் என்ற சொல்லின் உடன்பிறப்பு. பொறுப்பை ஒப்படைத்தல் என்று பொருள். வழக்கை வக்கீலிடம் ஒப்படைப்பவன், பத்திரங்களை எல்லாம் திரட்டிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நிம்மதியாகத் திரும்புகிறான்.

எங்களில் ஒருவரின் தந்தை நாமக்கல்லில் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். வடக்கே சுமை ஏற்றிப் புறப்படும்முன், ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டி, ஒலியைக் காதில் வாங்குவார். தார்ப்பாயின் மேல் கட்டிய கயிற்றை முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்ப்பார். அதன்பின் பிஸ்மி சொல்லி ஏறுவார். ஏறிய பிறகு அவர் கவலைப்பட்டதை யாரும் கண்டதில்லை. தட்டாமல் ஏறியதையும் கண்டதில்லை.

வாரம் முடிந்ததும் அந்தக் கேள்விகளை மாப்பிள்ளை வீட்டாரிடம் வைத்தோம். முதலில் வருத்தம் இருந்தது. பெண் பார்ப்பதற்கு வந்தால் தேர்வுத்தாள் தருகிறார்களே என்று அவர்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னதாகவும் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் மாப்பிள்ளையே எங்களில் ஒருவரை அழைத்தார். தம் வீட்டிலும் மண்டபத்தைப் பற்றி மட்டுமே பேச்சு நடந்தது என்றும், விசாவைப் பற்றித் தம்மிடம் யாரும் கேட்கவில்லை என்றும், ஓராண்டுக்குள் அது கிடைக்கும் என்று தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றும் ஒளிவின்றிச் சொன்னார். அந்த விடுப்பில் நிகாஹ் நடக்கவில்லை. அடுத்த விடுப்புக்கு வரும்போது மீண்டும் பேசலாம் என்று இரு குடும்பமும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்குள் அவர்களுக்கு வேறு நல்ல இடம் அமையலாம், நமக்கும் அமையலாம். எங்கள் உறவினரில் இருவர் இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகள் பி.எட். முதலாண்டில் இருக்கிறாள், பாடத் தயாரிப்பு அட்டைகள் கூடத்தை நிறைத்துக் கிடக்கின்றன.

நானி தம் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றும் யார் புறப்பட்டாலும் ‘ஃபிகர் நக்கோ’தான். ஆனால் சென்ற மாதம் மற்றொரு பேத்திக்குச் சம்பந்தம் வந்தபோது, “சோச்கே போலோ” என்றார். யோசித்துச் சொல் என்று பொருள். அந்தச் ‘சோச்’ எங்கிருந்து வந்தது என்று மகள் உடனே தேடினாள். வடமொழியில் துயருறுதலைக் குறிக்கும் வேர்; நம் ‘சோகம்’ பிறந்த அதே வேர். சிந்தனைக்கு வந்த அரபிச் சொல் கவலையாகி இறங்கிய வீட்டிலேயே, துயரத்துக்கு வந்த வடசொல் ஒன்று ஏறிச் சிந்தனையாகியிருக்கிறது. அதை நானியிடம் சொன்னபோது, கோத்துக்கொண்டிருந்த மல்லிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்தப் பெண்ணின் வீட்டார் விசாவைப் பற்றிக் கேட்டுவிட்டார்களா என்று கேட்டார்.